ஈரம் எத்தனை வருஷமா?

— கம்பெனியில வேற ஆளே இல்லையா, உன்னைத்தான் அனுப்பணுமா?

— இருக்காங்க. ஆனா இந்தப் பக்கத்து வீடுங்க எல்லாம் என் பொறுப்பு. பேஸ்மென்ட்ல தண்ணி நிக்குது, வந்து பாருங்கன்னு நேத்து நீங்கதான போன் பண்ணீங்க?

— போன் எடுத்தது வேற யாரோ பொண்ணு.

— அவ எழுதி வெச்ச விலாசம் காலையில என் மேஜைக்கு வந்துச்சு. உள்ள விடறீங்களா, இல்ல வேற ஆளை அனுப்பச் சொல்லவா? வேற ஆள்னா அடுத்த வாரம்தான் வருவாங்க.

— அடுத்த வாரமா? கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது. இன்னும் மழை இருக்குன்னு வேற சொல்றாங்க.

— அப்ப வழி விடுங்க.

— எட்டு வருஷம் கழிச்சு இந்த வாசல்ல வந்து நிக்கற. எப்படி இருக்கீங்க அத்தைன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணுதா உனக்கு?

— நான் மருமகளா வரல மேடம். சுவத்தைப் பாக்க வந்திருக்கேன்.

— மேடமாம். நாலு வருஷம் அத்தை அத்தைன்னு என் பின்னாடியே சுத்தின வாய். என்னமோ போ. உள்ள வா. செருப்பை அங்கயே கழட்டி...

— கழட்ட முடியாது, இது வேலைக்குப் போடற ஷூ. தண்ணிக்குள்ள ஆணி கீணி கிடக்கும். உங்க பையன் இருக்காரா?

— கடைக்குப் போயிருக்கான். உங்க ஆளுங்களை நான் கூப்பிட்டதே அவனுக்குத் தெரியாது. கண்ட ஆளையும் உள்ள விட்டா ஒண்ணுக்கு ஒம்போது வேலை சொல்லுவாங்க, நானே பூச்சு வாங்கி அடிச்சுடறேன்னு கிளம்பிப் போனான். அவன் வர்றதுக்குள்ள பாத்துச் சொல்லிடு. அவன் ரெண்டாவது பொண்டாட்டி வேலைக்குப் போயிட்டா. இரு, லைட்டைப் போடறேன், படி...

— லைட் வேண்டாம். கீழ சுவிட்ச் போர்டுல தண்ணி ஏறியிருந்தா ஆபத்து. முதல்ல மெயினை அணைச்சுட்டு வாங்க, என்கிட்ட டார்ச் இருக்கு. படி எனக்குத் தெரியும். மொத்தம் பன்னெண்டு, நடுவுல ஒண்ணு ஆடும். வயித்துல பிள்ளையோட நாள் பூரா ஏறி இறங்கின படி.

— அதெல்லாம் இப்ப எதுக்கு.

— எதுக்கும் இல்ல. நீங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க. என்ன இருமல் இது?

— சும்மா. தொண்டை வறட்டல்.

— தொண்டையில இருந்து வர்ற இருமல் இல்ல அது. சரி. கடைசிப் படியிலயே நில்லுங்க, தண்ணிக்குள்ள இறங்காதீங்க.

— பாத்தியா, மூணு நாளா இப்படித்தான். மொதல்ல மூலையில கசிஞ்சுது, அப்புறம் திபுதிபுன்னு வந்துருச்சு. ஓடறதுக்குன்னு ஒரு மிஷின் வாங்கிப் போட்டானே, அதுக்குள்ள தண்ணி போயி அது செத்தே போச்சு. நாலு நாள்கூட ஓடல அவன் அதுல.

— எனக்கு இந்த மூலைதான் வேணும். இந்த மீட்டரோட ரெண்டு ஊசியும் சுவத்துல குத்தினா, உள்ள எவ்வளவு ஈரம்னு சொல்லும். காஞ்ச சுவரா இருந்தா பதினஞ்சுக்குக் கீழ காட்டணும். இங்க நாப்பத்தி ரெண்டு. கொஞ்சம் மேல, முப்பத்தி எட்டு. என் தோள் உசரத்துல முப்பது. மொத்தச் சுவரும் ஊறிப்போயிருக்கு.

— சரி பண்ணிடலாமா?

— பண்ணலாம். அதுக்கு முன்னாடி இந்தப் படிவத்தை நிரப்பணும். வீட்டுக்காரங்க வாயால சொல்றதைத்தான் எழுதணும், கீழ உங்க கையெழுத்து வேணும். தப்பாச் சொல்லிட்டு நாளைக்கு வேலை கெட்டா கம்பெனி பொறுப்பு எடுக்காது. வீடு யார் பேருல இருக்கு?

— என் பேருலதான். உங்க மாமா போறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுட்டாரு.

— இந்த ரூம்ல யாராவது குடியிருக்காங்களா?

— யாரு இருக்கா, பழைய சாமான்தான்.

— எழுதிக்கறேன். அடுத்தது, ஈரம் எத்தனை வருஷமா இருக்கு?

— வருஷமா? இப்பத்தான், ஒரு ரெண்டு மாசமா.

— ரெண்டு மாசம். அப்படியே எழுதிக்கவா?

— ஏன் அப்படிப் பாக்கற?

— டார்ச் வெளிச்சத்துல நீங்களும் பாருங்க. சுவர் பூரா உப்பு பூத்திருக்கு. ரெண்டு மாசத்து ஈரத்துல இப்படிப் பூக்காது. அடி வரிசைச் செங்கலை நகத்தால சுரண்டினா மாவா உதிருது. பூஞ்சையை மறைக்கறதுக்காக மூணு தடவை பெயின்ட் அடிச்சிருக்கீங்க. மேல வெள்ளை, அதுக்கடியில மஞ்சள், அதுக்கும் அடியில பச்சை. பச்சை நான் இங்க இருந்தப்ப அடிச்சது. நானே அடிச்சேன், கைக்குழந்தையைத் தொட்டில்ல போட்டுட்டு. அந்தப் பச்சைக்கும் கீழ கருப்பு இருக்கு, தெரியுதா?

— நீ சொல்ல வர்றது புரியுது.

— நான் ஒண்ணும் சொல்ல வரல. சொல்லவேண்டியதை அன்னைக்கே சொல்லிட்டேன். அத்தை, சுவத்துல தண்ணி கசியுது, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, மேல ஒரு ஓரத்துல படுத்துக்கறோம்னு எத்தனை தடவை வந்து நின்னேன். இழுப்பு உங்க வம்சத்து வியாதின்னு சொன்னீங்க. அப்புறம் ஒரு நாள் சொந்தக்காரங்களையெல்லாம் ஹால்ல உக்கார வெச்சு நீங்க பேசினது ஞாபகம் இருக்கா?

— பழசையெல்லாம்...

— மேல் ரூமைப் பிடிக்கணும்னு இவளே வாளியில தண்ணி கொண்டுபோயி சுவத்துல ஊத்தறா, ஊத்திட்டு நாடகம் ஆடறான்னு சொன்னீங்க. எங்கம்மாவும் அங்கதான் உக்காந்திருந்தாங்க. வீட்டுக்குப் போனதும் எங்கம்மாவே என்கிட்ட கேட்டாங்க, நிஜமாவே ஊத்தினியாடின்னு.

— அதுக்காகத்தான் இந்த வேலைக்குப் போனியா?

— இங்கிருந்து கிளம்பினப்ப எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும்னு வெறியா இருந்துச்சு. யாரும் ஊத்தாம சுவத்துக்குள்ள எப்படித் தண்ணி வருதுன்னு. இந்தக் கம்பெனியில போன் எடுக்கற வேலைக்குச் சேந்தேன். அப்புறம் வேலையாளுங்க கூடவே போயி, மண்ணுக்குள்ள இறங்கி, கத்துக்கிட்டேன். இப்ப எந்தச் சுவத்தைப் பாத்தாலும் எங்க இருந்து தண்ணி வருது, எப்ப வர ஆரம்பிச்சுதுன்னு சொல்லிடுவேன். இந்த ஒரு சுவத்தைத்தான் பாக்க முடியாம இருந்துச்சு. விலாசத்தைப் பாத்ததும் வேற ஆள்கிட்ட தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளல.

— வஞ்சம் வெச்சுத்தான் வந்திருக்க.

— ஆமா. எழுதற வேலை முடியட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் டார்ச் அடிக்கறேன். இதென்ன, கட்டில் காலுக்கெல்லாம் செங்கல் வெச்சு உசத்தியிருக்கு?

— சாமான் நனையக்கூடாதுன்னு.

— சாமானுக்குத் தலகாணி எதுக்கு? மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, தண்ணி பாட்டில். கம்பளிப் போர்வை வேற. இது உங்களோடதுதான? நான் இருந்தப்ப மேல உங்க கட்டில்ல கிடக்கும்.

— எனக்கு இருட்டுல நிக்க முடியல. மேல போயிப் பேசுவோமா?

— யார் படுக்கறது இங்க? கேள்வி படிவத்துலயும் இருக்கு. யாரும் குடியில்லன்னு எழுதினது பொய்யின்னா நான் அடிக்கணும்.

— நான்தான்.

— எப்ப இருந்து?

— ரெண்டு வருஷமா. அவன் பொண்டாட்டி வீட்டுலேந்தே வேலை பாக்கறதுக்கு ஒரு ஆபீஸ் ரூம் வேணும்னா. வெளிச்சம் நல்லா வருதுன்னு என் ரூமைக் கேட்டா. ஒரு மாசத்துக்குத்தாம்மான்னான் இவன். இப்ப அவ வெளிய வேலைக்குப் போறா, மேஜை மட்டும் அங்க இருக்கு. கேட்டா, கீழ உனக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்மாங்கறான். எனக்கு முட்டி வலி, பன்னெண்டு படி ஏறி வந்துதான் ஒரு வாய் காப்பி குடிக்கணும். உனக்கு நல்லதுதான் சொல்றேன்னு வேற சொல்லுவான், கேட்டியா.

— கேட்டேன். ரூம் எப்படி இருக்கு, நல்லா இருக்கா?

— குத்திக் காட்டறியா.

— சும்மா கேட்டேன். காத்து வராது, ஆனா பழகிடும். நீங்க எனக்குச் சொன்னதுதான். துணி காயாது. காலையில எழுந்தா தலகாணியே ஈரமா இருக்கும். முதல் வருஷம் இருமல் வந்து வந்து போகும், ரெண்டாவது வருஷம் போகாது. சரியாச் சொல்றேனா?

— சரிதான்.

— பையன்கிட்ட சொன்னீங்களா?

— போன மழையிலயே சொன்னேன். சுவரெல்லாம் ஈரம்டா, மார் அடைக்குதுடான்னு சொன்னேன்.

— அதுக்கு?

— நீ தண்ணி செம்பை எங்கயாவது கவுத்துவிட்டிருப்ப, வயசாச்சுல்லன்னான். சிரிச்சுடு. நீ சிரிச்சா எனக்குக் கோபம் வராது.

— சிரிப்பு வரல. இந்த வீட்டுக்குள்ள வரும்போது, உங்களை இப்படி ஒரு நிலைமையில பாத்தா எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கேன். ஒருவேளை பாவமா இருக்குமோன்னு. இல்ல. நல்லாத்தான் இருக்கு.

— இருக்கும். எனக்குன்னாலும் இருக்கும்.

— அப்ப எழுதலாமா? ஈரம் எத்தனை வருஷமா?

— ஒண்ணு சொல்றேன், நீ எழுதாம கேளு. நீ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டுக்குப் போன ஒரு நாள் நான் இங்க இறங்கி வந்தேன். இதே மூலையில கையை வெச்சுப் பாத்தேன். உள்ளங்கை பூரா நனைஞ்சுது. நீ சொன்னது நிஜம்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுமா?

— அப்ப மேல இருந்தது ஒரே ரூம், இப்ப அவங்க படுக்கற ரூமெல்லாம் பின்னால கட்டினது. அது நானும் மாமாவும் இருந்தது. பிள்ளைக்கு ஆகலன்னா அதை உனக்குத் தரணும். தந்தா நாங்க ரெண்டு பேரும் கீழ வரணும். பயந்துட்டேன். உன் பேர்ல தப்புன்னு சொல்லிட்டா ரூமைப் பத்திப் பேச்சே வராது பாரு. அதான் சொன்னேன்.

— மாமா ஒண்ணும் சொல்லலையா?

— அவரு சொல்லாம இருப்பாரா. இந்தச் சுவத்தை ஒட்டி வெளிய ஒரு வடிகால் இருந்துச்சு. வாசல் தண்ணி, தோட்டத்துத் தண்ணி எல்லாம் அது வழியாத்தான் போகும். உங்க கல்யாணத்துக்கு முன்னாடி, கார் நிறுத்தறதுக்குன்னு இவன் ஆள் வெச்சு காங்கிரீட் போட்டான்ல, அப்ப அதை மண்ணைக் கொட்டி மூடிட்டான். மாமா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு, மூடாதடா, தண்ணிக்குப் போக வழி இல்லன்னா வீட்டுக்குள்ளதான் வரும்னு. எனக்குத் தெரியும்ப்பா, சிம்பிள்னான்.

— வடிகாலை மூடினது உங்க பையனா?

— நீ அது தெரியாமயா இருந்த?

— தெரியாது. சுவர் கட்டினதுல ஓட்டைன்னு நினைச்சிருந்தேன். அப்ப, நான் சுவத்தைக் காட்டிக் காட்டி அழுதப்பல்லாம், தண்ணி எங்க இருந்து வருதுன்னு அவருக்குத் தெரியும்.

— தெரியாம என்ன.

— அதான் முதுகு வலின்னு சொல்லிட்டு ஹால் சோபாவுல படுத்துக்கிட்டாரு. நாலு வருஷமும்.

— கேட்டுல சத்தம். வந்துட்டான்.

— வரட்டும்.

— ம்மா, கீழயா இருக்க? ஏன் வீடே இருட்டா கிடக்கு? வாசல்ல யாரோட வேன் அது? ரெண்டு டப்பா வாங்கிட்டேம்மா, பிரஷ்ஷு ஃப்ரீயாக் குடுத்தான். வீடியோவுல ஒருத்தர் இதே மாதிரி... ஓ.

— வணக்கம் சார்.

— நீயா? நீ எங்க இங்க?

— உங்கம்மா கூப்பிட்டாங்க. ஈரக்கசிவு பாக்கறதுக்கு.

— சாரா? சரி, சாராவே இருக்கட்டும். ம்மா, நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? இதுக்குப் போயி ஆளைக் கூப்பிடுவாங்களா? அதுவும் இவளைப் போயி. டென்ஷன் ஆகாத, சிம்பிள் வேலை. தண்ணியை மோட்டார் வெச்சு இறைச்சுட்டு, சுவர் காஞ்சதும் ரெண்டு கோட்டு அடிச்சா ஜென்மத்துக்கும் வராது.

— சுவர் எப்படிக் காயும்?

— என்ன?

— அடிக்கறதுக்கு முன்னாடி காயணும்ல. பின்னாடி மண்ணு பூரா தண்ணி நிக்குது. உள்பக்கம் என்ன பூசினாலும் பின்னாலேந்து தள்ளி ஒரு மழையில உரிச்சுப் போட்டுடும். மூணு தடவை உரிச்சிருக்கு பாருங்க. இது பூசி மெழுகற வேலை இல்ல.

— உங்க கம்பெனிக்கு வேலை வேணும், அதுக்குப் பேசற.

— வெளிய ஒரு வடிகால் இருந்துச்சாமே, எங்க சார் அது?

— வடிகாலா? அதெல்லாம் செத்துப்போன வடிகால். யாரு சொன்னது?

— நான்தான்டா சொன்னேன்.

— உனக்கு என்னம்மா தெரியும்? இங்க பாரு, நமக்குள்ள ஆயிரம் இருந்திருக்கலாம். அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு ஒரு வயசானவங்களைக் குழப்பாத. அம்மாவுக்கு இப்ப மறதி. சொன்னதையே சொல்றாங்க. இல்லாத ஈரத்தை இருக்குங்கறாங்க. இந்த வெள்ளம்கூட மழை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். குழாயெல்லாம் நானே நேத்து செக் பண்ணேன், எல்லாம் க்ளியர். நீ ஒண்ணு பண்ணு, சாதாரணப் பூச்சே போதும்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு. அம்மாவும் நிம்மதியாத் தூங்குவாங்க.

— என்ன மேடம், அப்படி எழுதிடவா? பூச்சு போதும், சுவர் நல்லா இருக்குன்னு? உங்க பையன் சொல்றாரு. நீங்க கையெழுத்துப் போட்டா நான் கிளம்பிடுவேன். எனக்குப் பாக்கவேண்டியதைப் பாத்தாச்சு.

— இவ்வளவு நேரம் கேட்டும் உனக்கு மனசு இறங்கல.

— இறங்கல. வாயத் திறந்து சொன்னாத்தான் எழுதுவேன். அவர் நிக்கும்போது சொல்லணும்.

— ம்மா, என்ன நடக்குது இங்க? எதைச் சொல்லணும்?

— எழுது. ஈரம் பதினோரு வருஷமா இருக்கு.

— ம்மா.

— நீ சும்மா இருடா. எழுதும்மா. பதினோரு வருஷமா இருக்கு. மொதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னது இந்த வீட்டு மருமக. அவ தண்ணி எதுவும் ஊத்தல. ஊத்தினான்னு நான் சொன்னது பொய். பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னேன். வடிகாலை மூடினது என் பையன். கீழ் ரூம்ல குடியிருக்கறது நான். எல்லாத்தையும் எழுது.

— படிவத்துல அவ்வளவு இடம் இல்ல.

— பின்பக்கம் எழுது.

— எழுதிக்கறேன். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, பொய்யின்னு தெரிஞ்சேதான்...

— சொன்னேன். ஆச்சா? பேனாவைக் குடு. டார்ச்சைப் பிடிடா, எனக்குக் கண்ணு தெரியல.

— நான் ஒண்ணையும் பிடிக்க மாட்டேன். இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?

— நான் சொல்றேன் சார். இதை உள்ளேந்து சரி பண்ண முடியாது, வெளியிலேந்துதான் தோண்டணும். கார் நிறுத்தற காங்கிரீட்டை முழுசா உடைக்கணும். அஸ்திவாரத்தோட அடி வரைக்கும் மண்ணை எடுத்து, சுவத்துக்கு வெளிப்பக்கம் பூச்சு போட்டு, வடிகாலைத் திருப்பிக் கொண்டு வரணும். அந்தப் பக்கம் புதுசா ஒரு கண்ணாடி ரூம் கட்டியிருக்கீங்களே, அதோட பாதித் தரை வடிகால் மேலதான் உக்காந்திருக்கு. அதையும் பேத்துத்தான் ஆகணும்.

— கண்ணாடி ரூமா? அவ பாத்துப் பாத்துக் கட்டினது அது. கொன்னே போடுவா என்னை.

— வேலை மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இந்த ரூம்ல மனுஷங்க யாரும் படுக்கக்கூடாதுன்னும் எழுதியிருக்கேன்.

— பாத்தியாம்மா? பழி வாங்கறா. வேணும்னே பண்றா. இப்ப நீ எங்க போயிப் படுப்ப, யோசிச்சியா?

— என் ரூம்ல. அவ மேஜையைத் தூக்கி இங்க போடு.

— இங்கயா? தண்ணியிலயா?

— ஏன், ஆகாதா? மனுஷி படுக்கற இடத்துல மேஜை இருக்கக் கூடாதா? வீடு என் பேருல இருக்குடா. இன்னும் நான் சாகல. அம்மாடி, எங்க போடணும் கையெழுத்து, இங்கயா?

— அதுக்குக் கீழ. ஆமா, அங்கதான்.

— ம்மா, நான் இப்பவே அவளுக்குப் போன் போட்டு வரச் சொல்றேன். நீயே பேசிக்கோ அவகிட்ட. எனக்கு இந்த வம்பே வேண்டாம்.

— போடு, போ. வரும்போது அவளை ஷூ போட்டுக்கிட்டு வரச் சொல்லு, கீழ ஆணி கிடக்காம்.

— மேல போயிதான் போடணும், இங்க சிக்னல் இல்ல.

— போயிட்டானா?

— மேல போயிட்டாரு. மூணு படி தாண்டித் தாண்டி ஏறிட்டாரு, முதுகு வலி சரியாப் போச்சு போல. வாங்க, நாமும் வெளிய போயிடலாம். இந்தக் காத்து உங்களுக்கு ஆகாது. என் கையைப் பிடிச்சுக்குங்க.

— நீ பிடிச்சுக்கச் சொல்லுவன்னு நினைக்கல.

— விழுந்துட்டீங்கன்னா அதுக்கும் ஒரு படிவம் எழுதணும்.

— வாய் மட்டும் அப்படியே இருக்கு. அப்பாடா, வெளிச்சம். இரு, மூச்சு வாங்கிக்கறேன். ஒண்ணு கேக்கலாமா உன்னை? கேக்கற தகுதி எனக்கு இல்ல, இருந்தாலும் கேக்கறேன். பிள்ளை எப்படி இருக்கா?

— உங்க பையன் வந்து அரை மணி நேரம் பேசினாரு. பொண்ணு எப்படி இருக்கான்னு அவருக்குக் கேக்கத் தோணல, பாத்தீங்களா?

— பாத்தேன். அவன் வாயையே பாத்துக்கிட்டுதான் நின்னேன், இப்பக் கேப்பான், இப்பக் கேப்பான்னு.

— இந்த வீட்டை விட்டுப் போன ஆறாவது மாசம் இழுப்பு நின்னுபோச்சு. இப்ப நீச்சல் குளத்துல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நிக்காம இருபது தடவை போயிட்டு வர்றா. தண்ணியிலேந்து ஏற மாட்டேங்கறா. நான்தான் கரையில உக்காந்து மூச்சுப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன்.

— நல்லா இருக்கட்டும். என்கிட்ட கொண்டு வந்து காட்டுன்னு சொல்ல மாட்டேன்.

— சொல்லாதீங்க.

— சரி.

— சுவத்தோட வெளிப்பக்கத்தையும் ஒரு தரம் பாத்துட்டுக் கிளம்பறேன். நீங்களும் இந்தப் பக்கம் வாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் காதுல விழக்கூடாது.

— என்ன?

— நீங்க கையெழுத்துப் போட்டதுல ஒரு விஷயம் எழுதல நான். பழைய ஈரம் வடிகாலாலதான், அதுக்குத் தோண்டித்தான் ஆகணும், அதுல பொய் இல்ல. ஆனா அது கசியற ஈரம். மூணே நாள்ல கணுக்கால் அளவு தண்ணி அதுல வராது. இங்க வந்ததும், வாசல்ல பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே, நான் வீட்டைச் சுத்திப் பாத்தேன். மாடியிலேந்து இறங்கற மழைத்தண்ணிக் குழாய் இருக்குல்ல, அது தரைக்குள்ள போற இடத்துல அடைச்சிருக்கு. கையை விட்டுப் பாத்தேன். துணி. நல்லா முறுக்கித் திணிச்ச மாதிரி இறுகிக் கிடக்கு. மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் போக வழியில்லாம சுவத்தோரமாவே இறங்கியிருக்கு.

— அவன் எல்லாம் க்ளியர்னானே.

— பாத்திருக்கவே மாட்டாரு. ரெண்டு நிமிஷ வேலை மேடம். அதை உருவி எடுத்திருந்தா இன்னைக்கே தண்ணி நின்னிருக்கும். உங்க பையன் ரெண்டு டப்பாவையும் அடிச்சு, பாத்தியா நான் சொன்னேன்லன்னு இருந்திருப்பாரு. ரொம்ப வருஷம் ஓட்டியிருப்பாரு அப்படியே.

— நீ எடுக்கல.

— எடுக்கல. சொல்லவும் இல்ல. அவர் கண்ணு முன்னாடி அந்தக் காங்கிரீட்டை உடைக்கணும், கார் தெருவுல நிக்கணும், கண்ணாடி ரூம் தரையைப் பேக்கணும். அதை நின்னு பாக்கணும்னு இருந்துச்சு எனக்கு. இப்ப நீங்க வாய்விட்டு உண்மையைச் சொல்லி எழுதிக் குடுத்துட்டீங்க. அதனால உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னு தோணுச்சு. நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சா நான் ஏமாத்தினேன்னு ஆகிடும். சொல்லுங்க, இப்பவே உருவிடவா?

— வேண்டாம்மா, நாளைக்கு உங்க ஆளுங்க வந்து உடைக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம். கொட்டற மழையில, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு, குத்துக்கால் போட்டு உக்காந்து அதைத் திணிக்கறதுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.